அடிக்கல் முதல் ஓர் இயங்குதளம்

கணிப்பொறியின்றிக் கல்லூரி வாழ்க்கை நடைபெறாத காலம் இது. நூலகத்தில் நூல் தேடுவதற்கும், கட்டுரை எழுதுவதற்கும், தேர்வின் முடிவை அறிவதற்கும் அதனையே நாடுகின்றோம். ஆயினும், நாம் நாள்தோறும் தொட்டுப் பயிலும் அக்கருவிக்குள் நம் கட்டளையை ஏற்று நடத்துவது யாது என்று வினவுவோர் நம்முள் மிகச் சிலரே. கடிகாரத்தின் முகத்தைப் பார்த்து மணி அறிபவன் அதன் பின்மூடியைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்பது உண்மையே. எனினும், மூடியைத் திறந்து பார்த்ததோடு நில்லாமல், ஒவ்வொரு பற்சக்கரத்தையும் தம் கையாலேயே அராவிச் செய்து, தாமே ஒரு கடிகாரத்தை அமைக்க முற்படுவோரும் உலகில் உளர். அத்தகையோர் பலர் ஒன்றுகூடி, ஊதியம் கருதாமல், மேசைக் கணிப்பொறிக்குரிய ஓர் இயங்குதளத்தை அடிக்கல் முதல் எழுப்பிய வரலாற்றையும், அதன் உள்ளமைப்பையும், அம்முயற்சியால் விளைந்த பயனையும் ஈண்டு ஒருவாறு விளக்குவோம். அவ்வியங்குதளத்தின் பெயர் ஸெரினிட்டி என்பதாம்.

இயங்குதளம் யாது?

கணிப்பொறி என்பது பல உறுப்புகளின் தொகுதி. கணக்கிடும் செயலி ஒன்று. வேலை நடக்கும்போது செய்திகளைத் தாங்கும் நினைவகம் ஒன்று. மின்சாரம் நின்ற பின்னும் அவற்றைக் காத்து வைக்கும் வட்டு ஒன்று. இவற்றோடு விசைப்பலகை, திரை முதலியன. இவ்வுறுப்புகளைப் பயன்படுத்த விரும்பும் நிரல்களோ பல. கடிதம் எழுதும் நிரலும், பாட்டிசைக்கும் நிரலும், படம் காட்டும் நிரலும் ஒரே வேளையில் ஒரே செயலியையும் ஒரே நினைவகத்தையும் வேண்டி நிற்கின்றன. கேட்பாரற்று ஒவ்வொன்றும் தான் விரும்பியதை எடுத்துக்கொள்ளுமாயின், ஒன்றன் செய்தியை மற்றொன்று அழித்துவிடும். ஆகவே, இன்னதற்கு இவ்வளவு நேரம், இன்னதற்கு இவ்வளவு இடம் என வரையறுத்துப் பங்கிட்டு, ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று புகாவண்ணம் காப்பது இன்றியமையாததாகின்றது. இக்காவலையும் பங்கீட்டையும் செய்வதே இயங்குதளம். அதன் உள்ளீடான பகுதியைக் கெர்னல் என்பர்.

இதனை ஓர் உதாரணத்தால் தெளிவாக்குவோம். கடிதம் எழுதும்போது விசைப்பலகையில் ஓர் எழுத்தை அழுத்துகின்றோம் எனக் கொள்வோம். அழுத்திய கணத்தில், செயலி தான் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தும்படி ஒரு குறி அனுப்பப்படுகின்றது. கெர்னல் அக்குறியை ஏற்று, எந்த விசை அழுத்தப்பட்டது என்று அறிந்து, அச்செய்தியை ஒரு வரிசையில் வைக்கின்றது. திரையில் உள்ள சாளரங்கள் அனைத்தையும் மேற்பார்க்கும் நிரல் ஒன்று அவ்வரிசையைப் படித்து, இப்பொழுது எழுதப்படும் சாளரம் எது என்று நோக்கி, அதற்குரிய நிரலிடம் செய்தியைச் சேர்ப்பிக்கின்றது. அந்நிரல் தன் கடிதத்தில் ஓர் எழுத்தைச் சேர்த்து, அவ்வெழுத்தின் வடிவத்தை எழுத்துரு நூலிலிருந்து பெற்று, தனக்கெனக் கொடுக்கப்பட்ட படப்பரப்பில் வரைகின்றது. மேற்பார்வை நிரல் எல்லாச் சாளரங்களின் பரப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் திரைக்கு அனுப்புகின்றது. நம் கண்ணுக்கு எழுத்து தோன்றுகின்றது. இத்தனையும் நாம் விரலை எடுப்பதற்குள் நிகழ்ந்துவிடுகின்றன. ஸெரினிட்டியில் இவ்வழியிலுள்ள ஒவ்வொரு படியும், எழுத்தின் வளைவை வரையும் கணக்கு உட்பட, தொண்டர்கள் தாமே எழுதியதாகும்.

முன்னோர் வகுத்த வழி

இயங்குதளம் இயற்றுவது பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானோர்க்கு ஊதியம் கொடுத்துச் செய்விக்கும் பணி என்பது பொதுவான எண்ணம். ஆயினும், தம் விருப்பத்தால் இதில் இறங்கினோர் வரலாறு புதியதன்று. 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்ஸன் என்பார், அதிகம் பயன்படுத்தப்படாமற் கிடந்த சிறிய கணிப்பொறி ஒன்றைக் கொண்டு யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்திற்கு அடிகோலினார். 1991-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரும் 21 வயதினருமான லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காகத் தாம் ஒரு கெர்னல் எழுதி வருவதாக அறிவித்தார். அதுவே இன்று உலகெங்கும் வழங்கும் லினக்ஸ் ஆயிற்று. 2001-இல் தொடங்கிய ஹைக்கூ என்னும் முயற்சி, விற்பனையினின்று மறைந்த ஒரு பழைய இயங்குதளத்தின் வழியைத் தொண்டர் கையால் மீட்பதை நோக்கமாகக் கொண்டது.

இவற்றினின்று ஸெரினிட்டி வேறுபடுவது ஒரு விதியினால். லினக்ஸ் என்பது கெர்னல் மாத்திரமே. அதன்மேல் இயங்கும் சாளர முறையும், எழுத்துரு நூலும், பிறவும் வெவ்வேறு குழுவினர் வெவ்வேறு இடங்களில் செய்தவை. ஸெரினிட்டியிலோ கெர்னல் தொடங்கிச் சீட்டாட்ட விளையாட்டு ஈறாக அனைத்தும் ஒரே மூலத்தொகுதியில், ஒரே குழுவினரால், ஒரே நடையில் எழுதப்பட வேண்டும் என்று வகுத்துக்கொண்டனர். பிறர் செய்த நூல்களை இயங்குதளத்தின் உள்ளே சேர்ப்பதில்லை. அது எழுதப்பட்ட ஸி பிளஸ் பிளஸ் என்னும் நிரல்மொழிக்கு இயல்பாக உரிய பொது நூல்களையும் விலக்கி, சொற்றொடரைத் தாங்கும் அமைப்பு, பட்டியலைத் தாங்கும் அமைப்பு ஆகியவற்றையும் தாமே இயற்றிக்கொண்டனர்.

தொடக்கம்

இம்முயற்சியைத் தொடங்கியவர் ஸ்வீடன் நாட்டினரான ஆண்ட்ரியாஸ் கிளிங் என்பார். இவர் முன்னர் நோக்கியா, ஆப்பிள் ஆகிய நிறுவனங்களில் இணைய உலாவி ஆக்கும் பணியில் ஈடுபட்டிருந்தவர். 2018-ஆம் ஆண்டில் இவர் போதைப் பழக்கத்தினின்று மீளும் பொருட்டு ஒரு சிகிச்சை முறையை மேற்கொண்டு முடித்தார். இதனை அவரே மறைக்காமல் எடுத்துக் கூறியுள்ளார். சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்க்குப் பெரும் துன்பமாய் நிற்பது வெறும் பொழுது. பழைய பழக்கம் நிரப்பி வந்த மணிகளை எதனால் நிரப்புவது என்பதே அவர்முன் நின்ற வினா. தாம் நன்கறிந்த தொழிலில், என்றும் முடிவுறாத ஒரு பெரும்பணியை எடுத்துக்கொள்வது என அவர் துணிந்தார். வட்டிலுள்ள கோப்புகளைப் படிக்கும் நிரல், மற்றொரு நிரலை நினைவகத்தில் ஏற்றும் நிரல், சாளரத்தில் பொத்தான்களை வரையும் நூல் எனத் தனித்தனியே எழுதிப் பார்த்தவற்றை ஒன்றாக இணைத்து, 2018 அக்டோபரில் இயங்குதளமாகக் கட்டத் தொடங்கினார்.

ஸெரினிட்டி என்னும் ஆங்கிலச் சொல் மன அமைதியைக் குறிக்கும். அமெரிக்க இறையியலாளர் ரைன்ஹோல்ட் நீபர் இயற்றியதாகக் கருதப்படுவதும், போதையினின்று மீள்வோர் தம் கூட்டங்களில் ஓதி வருவதுமான ஒரு ஜெபம் அச்சொல்லாலேயே வழங்குகின்றது. அதனைத் தாம் மறவாதிருக்கும் பொருட்டே கிளிங் இப்பெயரைத் தெரிந்துகொண்டார். ஒவ்வொரு நாளும் வேலையைத் திறக்கும்போது தாம் எங்கிருந்து வந்தவர் என்பதை அப்பெயர் அவர்க்கு நினைவூட்டிற்று.

இயங்குதளத்தின் புறத்தோற்றமும் அவர் விருப்பத்தையே காட்டுகின்றது. சாம்பல் நிறப் பலகையும், மேடு தோன்றும் பொத்தான்களும் கொண்ட 1990-ஆம் ஆண்டுகளின் இறுதிக் காலத்து விண்டோஸைப் போன்ற முகமும், யூனிக்ஸைப் போன்ற அகமும் ஒருங்கே அமைந்தது ஸெரினிட்டி. தாம் இளமையில் விரும்பிய இரண்டையும் ஒரே வீட்டில் குடியமர்த்தினார் எனலாம்.

தொண்டர்களும் ஒழுங்கும்

தாம் நிரல் எழுதுவதை கிளிங் படக்காட்சியாகப் பதிந்து யூட்யூபில் வெளியிட்டு வந்தார். தவறிய இடத்தில் திகைப்பதும், காரணம் தேடுவதும், திருத்துவதும் ஒளிவு மறைவின்றிக் காட்டப்பட்டன. கண்டோர் பலர் தாமும் கைகொடுக்க முன்வந்தனர். ஊர் கூடித் தேர் இழுப்பது போலப் பல நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர் நாளடைவில் இதில் சேர்ந்தனர். 2021 மே மாதத்தில் கிளிங் தம் வேலையை விடுத்து, அன்பர்கள் அளிக்கும் நன்கொடையைக் கொண்டு முழு நேரமும் இப்பணியிலேயே ஈடுபட்டார்.

ஊதியமில்லாப் பலர் கூடிய இடத்தில் ஒழுங்கு எங்ஙனம் நிலைக்கும் என்பது நியாயமான ஐயம். இங்கே சில விதிகள் அதனைக் காத்தன. முதலாவது, குறையைச் சுட்டலாம். ஆனால் இன்ன வசதி வேண்டும் என்று பிறரைக் கேட்டு நிற்றல் ஆகாது. வேண்டுவோன் தானே செய்தல் வேண்டும். இரண்டாவது, ஒருவர் அனுப்பும் மாற்றம் ஒவ்வொன்றும் ஒரு பொருளை மட்டும் செய்வதாயும், ஏன் செய்யப்பட்டது என்ற விளக்கத்தோடும் இருத்தல் வேண்டும். மூன்றாவது, பெயர்களைச் சுருக்காமல் முழுச் சொற்களாக எழுத வேண்டும். எழுதியவனுக்கு மட்டும் விளங்கும் குறுக்கெழுத்து கூடாது. நான்காவது, அம்மாற்றத்தைப் பிறர் படித்துப் பார்த்து இசைந்த பின்னரே, அதுவும் தானாக நடக்கும் சோதனைகளில் தேறிய பின்னரே, மூலத்தொகுதியில் சேர்ப்பர். மேலும், உடனே இயக்கத்தக்க வட்டாக இதனை வழங்குவதில்லை. பயன்படுத்த விரும்புவோன் மூலத்தொகுதியைப் பெற்று, தன் கணிப்பொறியில் தானே தொகுத்து ஆக்கிக்கொள்ள வேண்டும். இது கடுமையாகத் தோன்றினும், வருவோர் யாவரும் வேலை செய்யும் அறையின் வழியாகவே வீட்டிற்குள் நுழையும்படி செய்தது.

விதியின் பயன்

ஆயத்தமாகக் கிடைக்கும் பொருளை மீண்டும் செய்வது வீண் உழைப்பன்றோ என்று கேட்கலாம். படச்சுருள்களைப் பிரித்துக் காட்டும் நூல்களும், எழுத்துருவை வரையும் நூல்களும், இரகசியச் செய்தியைக் குறியீடாக மாற்றும் நூல்களும் உலகில் ஏற்கெனவே உள்ளன. பல ஆண்டுகளாகத் தேர்ச்சி பெற்றவை. யாரும் விலையின்றிப் பெறத்தக்கவை. அவற்றை விடுத்துப் புதியதைச் செய்தால் பிழைகளும் புதியனவாகவே தோன்றும். இவ்வாட்சேபத்தில் உண்மை உண்டு. கடையொன்றின் கணக்கையோ மருத்துவமனையின் ஏட்டையோ காக்க வேண்டியவன் இவ்விதியை மேற்கொள்வானாயின் அது பேதைமையே ஆகும்.

ஆயினும், இவ்விதியால் வேறெங்கும் கிட்டாத ஒரு நன்மை கிட்டிற்று. சாளரத்தில் ஓர் எழுத்து சிதைந்து தோன்றுகின்றது எனக் கொள்வோம். பல இடத்து நூல்களைத் தொகுத்துக் கட்டிய இயங்குதளத்தில், குறை தன் பகுதியில் இல்லையெனக் கண்டவன், அதற்குரிய வேறொரு குழுவினர்க்கு எழுதிக் காத்திருக்க நேரும்; அன்றி, தன் நிரலிலேயே ஒட்டுப் போட்டு அக்குறையை மறைப்பான். ஒட்டின்மேல் ஒட்டாக நாளடைவில் துணியே தெரியாமற் போய்விடும். ஸெரினிட்டியில் அவ்வாறன்று. கடித நிரலில் தொடங்கி, வரையும் நூலுக்கும், அங்கிருந்து எழுத்துரு நூலுக்கும், வேண்டுமாயின் கெர்னலுக்கும் ஒருவன் தடையின்றி இறங்கிச் சென்று, பிழை பிறந்த இடத்திலேயே அதனைத் திருத்தலாம். அத்திருத்தத்தால் அந்நூலைச் சார்ந்த எல்லா நிரல்களும் ஒருங்கே நன்மை பெறும். ஒரு மூலையில் சேர்ந்த மாணவன் சில திங்களில் முழு வீட்டின் கட்டுமானத்தையும் அறிந்தவனாகின்றான். இவ்வறிவே இதன் தலையாய விளைபொருள்.

காவல்

புதிதாகக் கட்டிய வீட்டிற்குக் கள்வர் புகும் வழியும் புதிதாக இருக்கும். இதனை உணர்ந்து, ஓபன் பி.எஸ்.டி. என்னும் இயங்குதளம் வகுத்த இரண்டு முறைகளைத் தாமும் இயற்றி அமைத்துக்கொண்டனர். முதலாவதின்படி, ஒரு நிரல் தொடங்கும்போதே தான் இன்ன செயல்களை மட்டும் செய்வேன் என்று வாக்களிக்கின்றது. இரண்டாவதின்படி, வட்டில் இன்ன கோப்புகளை மட்டும் காண்பேன் என்று வரம்பு கட்டிக்கொள்கின்றது. வாக்குத் தவறினால் கெர்னல் அந்நிரலை அக்கணமே நிறுத்திவிடும். வரம்புக்கு அப்பாற்பட்ட கோப்பு அதன் கண்ணுக்கே புலனாகாது. இணையத்திலிருந்து வரும் படத்தைப் பிரித்துக் காட்டும் பணியையும் உரிமை குறைந்த தனி நிரலொன்றிடம் ஒப்படைத்தனர். வஞ்சகமாக ஆக்கப்பட்ட படம் அந்நிரலைக் கெடுத்தாலும், தீங்கு அந்தச் சிற்றறைக்குள்ளேயே அடங்கிவிடும்.

2020 டிசம்பரில் ஹெச்.எக்ஸ்.பி. என்னும் கணிப்பொறிக் காவற் போட்டியில், ஸெரினிட்டியின் கெர்னலை வெல்வதே ஒரு புதிராக வைக்கப்பட்டது. ஒரு நிரலை மற்றொரு நிரல் கண்காணிக்க அனுமதிக்கும் வழி யூனிக்ஸைப் போன்றவற்றில் உண்டு. உயர்ந்த அதிகாரமுள்ள நிரலைத் தாழ்ந்தது கண்காணித்தல் ஆகாது என்பது விதி. ஆனால், சாதாரண நிரலொன்று உயர்ந்த அதிகாரமுள்ளதாக மாறும் இடைக்கணத்தில் உட்புகுந்தால் அவ்விதி ஏமாற்றப்படுவதைப் போட்டியாளர் காட்டினர். தெரிந்த ஓட்டையை மறைக்காமல் அடைத்தனர். இரு செயல்கள் முந்தும் பந்தயத்தில் பிறக்கும் இவ்வகைப் பிழையைப் பாடநூலில் பத்து முறை படிப்பதினும், தான் கட்டிய சுவரில் ஒருமுறை காண்பது நன்றாக மனத்தில் பதியும் என்பதில் ஐயமில்லை.

உலாவி வளர்ந்து தனித்த வரலாறு

எதிர்பாராத பெரும்பயன் ஒன்று இணைய உலாவியால் விளைந்தது. 2019-இல் இணையப் பக்கத்தின் எளிய வடிவங்களைக் காட்டும் சிறு நூலாக அது பிறந்தது. 2020-இல் பக்கங்களுக்கு உயிர் கொடுக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியைப் படித்து நடத்தும் பகுதியும் இயற்றப்பட்டது. உலாவியின் நேர்மையை அளக்கும் ஆஸிட்-3 என்னும் 100 மதிப்பெண் சோதனையில் 2022-இல் இது முழுத் தேர்ச்சி பெற்றது. இக்காலத்து உலாவிகளின் உட்பொறிகள் சில பெரிய நிறுவனங்களின் கையில் ஒடுங்கியிருக்கும்போது, தொண்டர் எழுதிய புதிய பொறியொன்று இவ்வளவு தூரம் வந்தது வியக்கத்தக்கது.

அவ்வாண்டிலேயே லேடிபேர்ட் என்னும் பெயரில் அவ்வுலாவி லினக்ஸ் முதலிய பிற இயங்குதளங்களிலும் இயங்கத் தொடங்கிற்று. கிளிங்கின் மனமும் உழைப்பும் அதன்பால் சென்றன. 2024 ஜூனில் அவர் லேடிபேர்டைத் தனி முயற்சியாகப் பிரித்துக்கொண்டு, ஸெரினிட்டியின் தலைமையினின்று விலகி, அதனைப் பராமரிப்போர் குழுவிடம் ஒப்படைத்தார். அடுத்த மாதமே லேடிபேர்டுக்கென இலாப நோக்கமற்ற அமைப்பு ஒன்று அறிவிக்கப்பட்டது. கிட்ஹப் நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான கிறிஸ் வான்ஸ்ட்ராத் அதற்கு 10 லட்சம் டாலர் உதவ முன்வந்தார்.

பிரிந்த லேடிபேர்ட் பழைய விதியையும் தளர்த்தியது. படம், ஒலி, வரைதல் முதலியவற்றிற்குப் பிறர் செய்த தேர்ந்த நூல்களை ஏற்றுக்கொண்டது. இதனைக் கொள்கை தவறியதாக நாம் கருதவில்லை. பலர் நாளும் நம்பிப் பயன்படுத்தும் உலாவியை ஆக்குவது ஒரு நோக்கம். ஒவ்வொரு கல்லையும் தானே செதுக்கி அதன் இயல்பை அறிவது வேறொரு நோக்கம். முன்னதற்கு அவ்விதி சுமை. பின்னதற்கு அதுவே ஆசிரியன். உலாவியின் உட்பொறியை முதலிலிருந்து எழுதும் திறமும் துணிவும் பெற்றோர் உருவானது, அவ்வாசிரியனிடம் அவர்கள் சில ஆண்டு பயின்ற பின்னரே என்பதை மறத்தல் ஆகாது.

முடிவுரை

ஸெரினிட்டி இன்று நம் கல்லூரி அலுவலகத்திலுள்ள கணிப்பொறிகளின் இடத்தைப் பெறக்கூடியதன்று. சந்தையில் விற்கும் கருவிகளுள் சிலவற்றை மட்டுமே அது அறியும். பெரும்பாலும் ஒரு கணிப்பொறிக்குள் மற்றொரு கணிப்பொறியைப் போல நடிக்கும் நிரலின் உள்ளேயே அதனை இயக்கிப் பார்க்கின்றனர். பயனை விற்பனையால் மட்டும் அளப்போர்க்கு இது விளையாட்டாகவே தோன்றும். ஆயினும், ஒருவர்க்கு வெறுமையான நாள்களை நிரப்பி வாழ்வை நிலைநிறுத்திய பணி இது. பலர்க்குக் கட்டணமில்லாப் பள்ளிக்கூடமாய் அமைந்தது. பிறர்க்குப் பயன்படும் உலாவி ஒன்றையும் ஈன்றது.

நம் கல்லூரியில் இயங்குதளப் பாடம் பயிலும் மாணவர்கள் செயலியின் நேரத்தைப் பங்கிடும் முறைகளையும் நினைவகத்தைப் பகுக்கும் முறைகளையும் ஏட்டில் எழுதித் தேர்வில் வெற்றி பெறுகின்றனர். அது நன்றே. அதனோடு, ஸெரினிட்டி போன்றதொரு மூலத்தொகுதியைப் பெற்று, தாமே தொகுத்து இயக்கி, அதன் ஏதேனும் ஒரு சிறு பகுதியைப் படித்துப் பார்த்தல் நலம். அதன் உரிமம் யாவரும் படிக்கவும் மாற்றவும் இடந்தருவது; செலவு சில மாலைப் பொழுதுகளே. முழு வீட்டையும் ஒரே நாளில் அறிய முயல வேண்டுவதில்லை. கடிகார நிரல் எங்கே மணியைக் கேட்டறிகின்றது, அக்கேள்வி கெர்னலை எவ்வழியே அடைகின்றது என்ற ஒன்றை மட்டும் முதல் மாலையில் தேடிக் கண்டால் போதும். இரண்டாம் மாலைக்குரிய வினா அங்கேயே காத்திருக்கும்.